ஒரு பெயர், பல புலவர்

பெயர் என்பது ஒருவரைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டும் கருவியாகும். ஆயினும், ஒரே பெயரைப் பலர் தாங்கியிருப்பின் அக்கருவியே நம்மை மயக்கிவிடும். தமிழிலக்கிய வரலாற்றில் இம்மயக்கம் பலவிடங்களில் நேர்ந்துள்ளது. அவற்றுள் தலையாயது ஔவையார் என்னும் பெயரால் விளைந்ததாகும்.

ஔவையார் என்றவுடன் கோலூன்றிய மூதாட்டி ஒருவரே நம் மனக்கண்முன் தோன்றுகிறார். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரும் ஆத்திசூடி பாடியவரும் அவரே எனப் பலர் கருதுகின்றனர். இக்கருத்துப் பொருந்துமா என்பதை ஆராய்வோம்.

சங்ககாலத்து ஔவையார், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்களப் புலவர். அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர். தொண்டைமான் தன் படைக்கலங்களைப் பெருமையுடன் காட்டினான். அவை மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்று, புதுமை மாறாமல் விளங்கின. அதியமானுடைய வேல்களோ போரில் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வதுபோல் இகழ்ந்த அந்நயம் புறநானூற்றில் விளங்குகின்றது. சங்கத் தொகை நூல்களில் இவர் பாடியனவாக 59 பாடல்கள் உள்ளன.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகிய நீதி நூல்களும் ஔவையார் பெயரால் வழங்குகின்றன. இவற்றுள் நல்வழியின் இறுதி வெண்பா, திருக்குறளோடு தேவாரம் பாடிய மூவர் தமிழையும் திருவாசகத்தையும் குறிப்பிடுகின்றது. மூவருள் அப்பரும் சம்பந்தரும் கி.பி. 7ஆம் நூற்றாண்டினர். அதியமானோ அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவன். எனவே, நல்வழியை இயற்றியவர் அதியமான் காலத்தவராக இருத்தல் இயலாது. நெல்லிக்கனி உண்டமையால் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார் எனச் சிலர் கூறுவர். அது கதைக்கு அழகு தரலாம், வரலாற்றிற்குச் சான்றாகாது.

இவ்வாறே சங்ககாலக் கபிலர் பாரியின் உயிர் நண்பர். இன்னா நாற்பது பாடியவரும் கபிலரே. பதினோராந் திருமுறையில் கபிலதேவ நாயனாரின் பாடல்கள் உள்ளன. நெடுநல்வாடை பாடியவர் நக்கீரர். அத்திருமுறையிலோ நக்கீரதேவ நாயனாரைக் காண்கிறோம். பெயர் ஒன்றாயிருத்தல் கொண்டே இவர்களை ஒருவராக்குதல் முறையன்று.

இம்மயக்கம் நேராவண்ணம் நம் முன்னோர் புலவர் பெயர்களுக்கு அடைமொழிகள் சேர்த்தனர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊரும் தந்தையும் விளங்குகின்றன. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பதில் தானியம் விற்கும் தொழிலும், மதுரை அறுவைவாணிகன் இளவேட்டனார் என்பதில் துணி விற்கும் தொழிலும் புலனாகின்றன. அடைமொழி இல்லாதவிடத்து நூலின் நடை, யாப்பு, அது சுட்டும் அரசர், எடுத்தாளும் பிற நூல்கள் ஆகியவற்றைக் கொண்டே புலவரைப் பிரித்தறிதல் வேண்டும்.

பலரை ஒருவராக்கினால் எவர்க்கும் உரிய புகழ் முழுமையாகச் சென்று சேராது. வேந்தன் அவையில் அஞ்சாது பேசிய ஔவையாரும், சிறுவர் நாவில் அறம் பதித்த ஔவையாரும் வேறு வேறானவர். இவ்வுண்மையை அறிவதால் நம் பெருமை குறைவதில்லை. ஒரு மூதாட்டிக்கு ஈடாகப் பெண்பாற் புலவர் பலரைப் பெற்ற மொழி தமிழ் என்பதே தெளிவாகும்.