பச்சிளம் குழந்தையின் தலையில் கட்டும் பொருக்கு

குழந்தை பிறந்து மூன்று, நான்கு வாரம் ஆகியிருக்கும். குளிப்பாட்டும்போது உச்சந்தலையில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணில் படும். தொட்டால் பிசுபிசுப்பு, உலர்ந்தால் செதில். சில நாட்களில் அது தடித்து, முன்னந்தலை முழுக்கப் பொருக்காகக் கட்டிவிடும். புருவத்திலும் காதுமடலுக்குப் பின்னாலும்கூட வரலாம். பார்க்க வருகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. "தலைக்குச் சரியா ஊத்தலையா?" என்பார் ஒருவர். "நீ என்ன சாப்பிட்டே?" என்பார் இன்னொருவர். தூக்கமில்லாமல், பச்சை உடம்போடு இருக்கும் ஒரு பெண்ணின் மேல் இந்தப் பழியும் விழுகிறது. பொருக்கினால் குழந்தைக்கு வரும் தொந்தரவைவிட இந்தப் பேச்சால் தாய்க்கு வரும் வேதனை பெரிது.

மருத்துவர்கள் இதைக் கிரேடில் கேப் என்பார்கள். பெரியவர்களுக்கு வரும் பொடுகும் இதுவும் ஒரே குடும்பம். இது அழுக்கு இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. பால் கொடுக்கும் தாய் சாப்பிட்ட எதனாலும் வருவதாகச் சான்று இல்லை. ஆகவே இதற்காகப் பத்தியத்தைக் கூட்டி அவர் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். குழந்தைக்குப் பெரும்பாலும் வலியும் இருக்காது, அரிப்பும் இருக்காது. நன்றாகப் பால் குடிக்கும், நன்றாகத் தூங்கும்.

பிறகு ஏன் வருகிறது? முழுக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை என்றாலும், இரண்டு விஷயங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதே பரவலான மருத்துவக் கருத்து. முதலாவது, கருவில் இருந்தபோது தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த ஹார்மோன்கள். அவற்றின் தூண்டுதலால் குழந்தையின் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பிறந்த பின்னும் சில மாதங்களுக்கு மிகுதியாகச் சுரக்கின்றன. இரண்டாவது, ஏறக்குறைய எல்லா மனிதர்களின் தோலிலும் குடியிருக்கும் மலசீசியா என்ற நுண்ணிய ஈஸ்ட் பூஞ்சை. கொழுப்பு இருக்கும் இடத்தில்தான் இது வாழும். சுரக்கும் எண்ணெயை இது சிதைக்கும்போது தோல் லேசாக உறுத்தப்பட்டு, செதில்கள் வழக்கத்தைவிட வேகமாக உருவாகின்றன. உதிர வேண்டிய அந்தச் செதில்களை எண்ணெய்ப்பசை பிடித்து ஒட்டவைத்துக்கொள்கிறது. அதுதான் நாம் பார்க்கும் பொருக்கு.

இது தானாகப் போவதற்கான காரணமும் இதே கதைக்குள்தான் இருக்கிறது. தாயின் ஹார்மோன் குழந்தையின் உடம்பிலிருந்து வடியவடிய எண்ணெய்ச் சுரப்பிகள் அடங்கிவிடுகின்றன. பூஞ்சைக்குத் தீனி குறைகிறது. அதனால்தான் பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் பொருக்கு மறைந்துவிடுகிறது. அடங்கிய சுரப்பிகள் பருவ வயதில்தான் மறுபடி விழிக்கும். பொடுகுத் தொல்லை அந்த வயதில் ஆரம்பிப்பதும் அதனால்தான்.

எதுவும் செய்யாமல் விட்டாலும் போய்விடும். பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது, பொருக்கு தடிமனாகிவிட்டது என்றால் மெதுவாக எடுக்கலாம். தலைக்கு ஊற்றுவதற்குப் பதினைந்து நிமிடம் முதல் அரை மணி நேரம் முன்னால், பொருக்கு உள்ள இடத்தில் மட்டும் சிறிது எண்ணெய் தடவுங்கள். பேபி ஆயில் என்று விற்கும் மினரல் எண்ணெய் அல்லது பெட்ரோலியம் ஜெல்லி நல்லது. வீட்டில் இருக்கும் சுத்தமான தேங்காய் எண்ணெயும் போதும். ஆலிவ் எண்ணெய் வேண்டாம். அது பச்சிளம் தோலின் காப்பு அடுக்கைப் பலவீனமாக்கும். எண்ணெயில் ஊறிய செதில்களை, குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ்ஷாலோ பருத்தித் துணியாலோ வட்டமாக லேசாகத் தேய்த்தால் தளர்ந்து வரும். வந்தது வரட்டும், வராததை விட்டுவிடுங்கள். பிறகு குழந்தைகளுக்கான மிதமான ஷாம்பு போட்டு, எண்ணெயும் ஷாம்பும் மிச்சமில்லாமல் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படிச் செய்துவந்து, பொருக்கு குறைந்த பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாகக் குறைத்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் தவறு நடக்கும் இடம் அந்த அலசல்தான். உச்சிக்குழி சீக்கிரம் மூட வேண்டும் என்று உச்சியில் தினமும் எண்ணெய் வைத்து, அப்படியே விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. உச்சிக்குழி மண்டையோட்டு எலும்புகள் வளர்ந்து சேரும்போது தானாக மூடும், பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள். எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏற்கெனவே எண்ணெய் மிகுந்த இடத்தில் இன்னும் எண்ணெய் தங்கினால் செதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தடிக்கும். பாட்டி வைக்கும் எண்ணெயில் அன்பு இருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. வைத்தபின் கழுவிவிடுங்கள் என்று மட்டும் சொல்லலாம். உச்சிக்குழியின் மேல் பிரஷ் படக்கூடாதோ என்று பயந்து அந்த இடத்தை மட்டும் தொடாமல் விடுகிறவர்களும் உண்டு. அங்கே தோலுக்கு அடியில் உறுதியான சவ்வு இருக்கிறது. மென்மையான கைக்கு எதுவும் ஆகாது.

அடிக்கடி தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்கும் என்ற பயமும் வேண்டாம். சளி வைரஸால் வருவது. காற்று வீசாத அறையில் குளிப்பாட்டி உடனே துவட்டினால் போதும். தலை உலர சாம்பிராணிப் புகை காட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். பிஞ்சு நுரையீரலுக்குப் புகை கேடு.

நகத்தால் பெயர்க்காதீர்கள். தோல் கிழிந்து கிருமி புக அந்தச் சிறு காயமே போதும். எலுமிச்சைச் சாறு, வெங்காயச் சாறு, சமையல் சோடா எதுவும் வேண்டாம். பெரியவர்களின் பொடுகு ஷாம்புகளும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் உள்ள சாலிசிலிக் அமிலம் குழந்தையின் தோல் வழியாக உடம்புக்குள் சேரக்கூடும். மொட்டை அடித்தால் போய்விடும் என்பார்கள். சுரப்பியும் பூஞ்சையும் தோலில் இருக்கின்றன, முடியை எடுத்து என்ன பயன்? பொருக்கு மேல் கத்தி ஓடினால் வெட்டுப்படும் ஆபத்துதான் மிச்சம். குலதெய்வத்துக்கு வேண்டுதல் இருந்தால் பொருக்கு போன பிறகு செய்யுங்கள். செதிலோடு சில முடிகள் சேர்ந்து வந்தால் கவலைப்படாதீர்கள், திரும்ப முளைக்கும்.

நம் நிறத் தோலில் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. செதில் உதிர்ந்த இடம் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்துத் தெரியலாம். வெண்புள்ளியோ என்று பெற்றோர் கலங்கிப்போகிறார்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ நிறம் தானாகத் திரும்பிவிடும்.

மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரங்களும் உண்டு. பொருக்குள்ள இடம் கசிந்தாலோ, இரத்தம் அல்லது சீழ் வந்தாலோ, வீங்கினாலோ, துர்நாற்றம் அடித்தாலோ, குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடம்பு முழுக்கப் பரவி, கூடவே வயிற்றுப்போக்கும் எடை கூடாமையும் இருந்தால் அன்றே போங்கள். அது அரிது, ஆனால் அதன் பின்னால் வேறு நோய் இருக்கலாம். குழந்தை அரிப்பால் தலையை உரசிக்கொண்டே இருந்தால் அது எக்ஸிமாவாக இருக்கக்கூடும். முடி ஒடிந்து வட்ட வட்டமாகச் சொட்டை தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஒரு வயது தாண்டியும் பொருக்கு போகாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

கடுமையாக இருந்தால் கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மருந்தையோ, வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாட்களுக்கு மட்டுமோ மருத்துவர் எழுதித் தருவார். மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. அது பிஞ்சுத் தோலை மெலியவைக்கும், உடம்புக்குள்ளும் இறங்கும். தானாகப் போகிற ஒரு பொருக்குக்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். குழந்தை மருத்துவர் எழுதித் தராத எந்தக் களிம்பையும், அக்கம்பக்கத்தில் யாருக்குக் கேட்டிருந்தாலும் சரி, உங்கள் குழந்தையின் தலையில் தடவாதீர்கள்.