நாடாவுக்குள் இருக்கும் தோட்டத்தைக் காப்பாற்றுவோம்

மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் பழைய வீடியோ நாடாக்கள் கிடக்கின்றனவா? 'அத்தை கல்யாணம்', 'தோட்டத்துத் திருவிழா' என்று மேலே எழுதி ஒட்டிய கறுப்புப் பெட்டிகள்தாம் அவை. குப்பையில் போடுவதற்கு முன் இந்தக் கட்டுரையைப் படியுங்கள்.

பகாவ், ரந்தாவ், லாபு, லிங்கி என நெகிரி செம்பிலான் முழுவதும் தோட்டங்கள் நிறைந்திருந்தன. 1980களிலும் 90களிலும் அங்கு நடந்த கல்யாணங்களும் கோயில் திருவிழாக்களும் பெரும்பாலும் விஎச்எஸ் நாடாவில்தான் பதிவாயின. பிறகு பல தோட்டங்கள் விற்கப்பட்டன. நீலாய் போன்ற இடங்களில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயத்து மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். இடிந்துபோன லயமும் கோயில் திடலும் அசையும் படமாக மிஞ்சியிருப்பது அந்த நாடாவில் மட்டுமாக இருக்கலாம்.

அவற்றைக் காப்பாற்ற வீட்டு மூலையிலோ பள்ளிக் கணினிக் கழகத்திலோ ஒரு சிறு ஸ்டூடியோ போதும். "எந்த மென்பொருள் நல்லது?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டியது. எதைக் காப்பாற்றுகிறோம், எங்கே வைக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால் மற்றவை எளிதாகிவிடும்.

நாடா ஏன் கெடுகிறது?

விஎச்எஸ் முறையை ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் அறிமுகப்படுத்தியது. மெல்லிய பாலியெஸ்டர் பட்டையின் மேல் காந்தத் துகள்கள் ஒரு வகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் துகள்களின் காந்த நிலைதான் படமும் ஒலியும். நம் நாட்டின் ஈரக்காற்றில் பசை நீரை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், பூஞ்சையும் பிடிக்கும். காந்த நிலையும் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கும்.

நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவி வேண்டுமே! கடைசிவரை அதைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் நிறுத்திக்கொண்டது. இப்போது ஓடும் கருவிகள் எல்லாம் பழையவை. அதனால்தான் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

வெள்ளைப் பூஞ்சை தெரியும் நாடாவைக் கருவிக்குள் போடாதீர்கள். பூஞ்சை கருவியில் ஒட்டிக்கொண்டு அடுத்த நாடாவுக்கும் பரவும். அத்தகைய நாடாவைத் தனியே எடுத்துவைத்துத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நாடாவின் முதுகுப் பக்கம் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் வேறொன்று பதிவாகாது.

கணினிக்குள் கொண்டுவருதல்

நாடா ஓட்டும் கருவியையும் கணினியையும் இணைக்க, யுஎஸ்பியில் செருகும் காணொளிப் பதிவுக் கருவி ஒன்று தேவை. பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் போதும். இதில் குறுக்கு வழி கிடையாது. மூன்று மணி நேர நாடாவைப் பதிவு செய்ய மூன்று மணி நேரம் ஆகும்.

எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு கணக்குப் போடுவோம். நாம் பயன்படுத்திய பால் முறையில் ஒரு படத்தை 720 × 576 புள்ளிகளாகப் பதிவு செய்கிறோம். அதாவது 4,14,720 புள்ளிகள். நொடிக்கு 25 படங்கள், புள்ளிக்கு 2 பைட் என்றால் நொடிக்குச் சுமார் 20.7 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 கிகாபைட்! இது சுருக்காத அளவு. நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் சுருக்கிப் பதிந்தால் மணிக்கு 6.75 கிகாபைட் போதும். 20 நாடாக்கள், 60 மணி நேரம் என்றால் 405 கிகாபைட். ஒரு டெராபைட் வன்தட்டில் தாராளமாக அடங்கும்.

எந்தக் கணினி, எந்த மென்பொருள்?

இன்றைய கைப்பேசி எடுக்கும் 4கே படத்தில் 3840 × 2160 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், நம் நாடாப் படத்தைப்போலச் சரியாக 20 மடங்கு! எனவே பழைய நாடாவைத் தொகுக்க விலை உயர்ந்த கணினி தேவையில்லை. இருக்கிற கணினியே பெரும்பாலும் போதும். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு வன்தட்டு வாங்குங்கள்.

தொகுப்பதற்கு கேடென்லைவ், ஷாட்கட் ஆகியவை முற்றிலும் இலவசம். சாதாரணக் கணினியிலும் ஓடும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு வண்ணத் திருத்தத்தில் சிறந்தது. ஆனால் நல்ல வரைகலை அட்டை கேட்கும். 4கே படம் கணினியில் திக்கித் திக்கி ஓடினால், சிறிய மாற்றுப் பிரதி ஒன்றை உருவாக்கி அதில் வெட்டி ஒட்டலாம். இறுதிப் படத்தை மென்பொருள் பெரிய கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இம்மென்பொருள்கள் எதுவும் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. எந்த நொடியில் வெட்ட வேண்டும், எதை எங்கே சேர்க்க வேண்டும் என்ற பட்டியலை மட்டுமே எழுதிவைக்கின்றன. நீங்களும் அதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். செயற்கை நுண்ணறிவால் முகங்களைத் தெளிவாக்கும் ஆசை வரும். அது இல்லாத கண்ணையும் மூக்கையும் தானே வரைந்துவிடக்கூடும். அதைப் பிரதியில் செய்து பாருங்கள், மூலத்தில் வேண்டாம்.

மூன்று, இரண்டு, ஒன்று

1998இல் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. காப்புப் பிரதியும் சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அங்குப் பணியாற்றிய கேலின் சுஸ்மன், கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒரு பிரதி வைத்திருந்தார். படத்தை மீட்டது அதுதான்.

அந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட இன்று நம்மிடம் இல்லை.

இதற்கு ஓர் எளிய விதி உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, மேகச் சேமிப்பில் ஒன்று என்று வைக்கலாம். இணையம் மெதுவாக இருந்தால், மூன்றாவதைச் சித்தப்பா வீட்டில் ஒரு வன்தட்டில் வையுங்கள். வெள்ளம் வந்தாலும் ஒன்று மிஞ்சும். நீண்ட காலம் பூட்டிவைக்க விரலியையோ எஸ்எஸ்டியையோ நம்பாதீர்கள். மின்சாரமின்றிக் கிடந்தால் அவற்றில் உள்ள மின்னூட்டம் கசிந்து தரவு கெடலாம். வன்தட்டையும் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து, கோப்புகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பிக்சார் தந்த பாடம் அதுதான்.

கடைசியாக, எந்த மென்பொருளாலும் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் உறுமி அடிப்பவர் யார்? பின்னால் தெரிவது எந்தத் தோட்டத்து லயம்? இது பாட்டிக்குத்தான் தெரியும். பதிவான படத்தை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் சொல்லச் சொல்ல நேரத்தையும் பெயரையும் எழுதி, அதே கோப்புறையில் சேமியுங்கள். கோப்புக்கும் ஆண்டு, தோட்டம், நிகழ்ச்சி என்ற வரிசையில் பெயரிடுங்கள்.

வரும் பள்ளி விடுமுறையில் ஒரே ஒரு நாடாவில் தொடங்குங்கள். நாடாவுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கலாம். பெயர் சொல்லக்கூடியவர்களைக் காத்திருக்க வைக்காதீர்கள்.