மெழுகும் செயற்கைக் காப்பும்

தாமரை இலையின்மேல் விழும் நீர் அதில் ஒட்டுவதில்லை. முத்துப்போலத் திரண்டு உருண்டோடிவிடும். கருந்திராட்சைப் பழத்தின் தோலில் மெல்லிய வெண்பொடி படிந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். இவ்விரண்டின்மீதும் இயற்கை பூசி வைத்திருப்பது மெழுகே ஆகும். இலையின் நுண்ணிய மேடுகளில் படிந்த மெழுகு நீரை விலக்குகிறது. பழத்தோலின் மெழுகு உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. மேனியைக் காக்க மெல்லிய போர்வை ஒன்று வேண்டும் என்னும் இவ்வுண்மையை மனிதனும் தன் கைப்பொருள்களில் பயன்படுத்திக்கொண்டான். மரக்கதவுக்கு எண்ணெய் பூசினான்; தோல்பொருளுக்கு மெழுகு தேய்த்தான்; மோட்டார் கார் தோன்றியபின் அதன் வண்ணத்தையும் அவ்வாறே காக்க முற்பட்டான்.

காரின் உடல் பெரும்பாலும் எஃகுத் தகட்டால் ஆனது. எஃகை வெறுமையாக விட்டால் ஈரமும் காற்றும் சேர்ந்து அதனைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆதலின் அதற்கு வண்ணம் பூசுதல் அழகுக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்காகவும் ஆகும். தொடக்க காலத்தில் வார்னிஷ் கலந்த வண்ணங்களைத் தூரிகையால் பன்முறை பூசி வாரக்கணக்கில் உலர்த்தினர். 1920-களில் விரைந்து உலரும் நைட்ரோ செல்லுலோசு வண்ணங்கள் வந்தபின் அத்தாமதம் நீங்கியது. இன்றைய கார்களில் துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, நிறமற்ற தெளிபூச்சு என நான்கு அடுக்குகள் அமைந்துள்ளன. 1980-களிலிருந்து பரவலான இத்தெளிபூச்சைப் பட்டறைகளில் ‘கிளியர் கோட்’ என்பர். நான்கு அடுக்குகளும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கனமே இருக்கும். அவற்றுள் தெளிபூச்சின் கனம் பாதிக்கும் குறைவு. உடம்பின் தோல் சிராய்த்தால் மீண்டும் வளரும். தெளிபூச்சு தேய்ந்தால் வளராது. அது தேயாமல் காப்பதே அதன்மேல் பூசப்படும் காப்பின் நோக்கமாகும்.

இத்தெளிபூச்சுக்குப் பகைகள் பல. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் நாளடைவில் அதன் உறுதியைக் குலைக்கின்றன. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை நகரங்களில் காற்றோடு வரும் உப்பு, கீறல் விழுந்த இடத்தில் துருவை விரைவுபடுத்துகிறது. பறவை எச்சத்தில் யூரிக அமிலம் உள்ளது. வெயிலில் சூடேறி இளகிய பூச்சின்மேல் அது கிடந்து காய்ந்தால், கழுவினாலும் நீங்காத வடு தோன்றும். ஆழ்குழாய்க் கிணற்று நீரால் கழுவித் துடைக்காமல் விட்டால், துளிகள் உலர்ந்த இடங்களில் சுண்ணாம்புச் சத்து வெண்புள்ளிகளாகப் படியும்.

இப்பகைகளைத் தடுக்க முதலில் பயன்பட்டது மெழுகு. கார் மெழுகுகளுள் சிறந்ததாகப் போற்றப்படுவது கர்னவுபா மெழுகாகும். இது பிரேசில் நாட்டின் வடகிழக்கில் சியரா, பியாவி முதலிய மாநிலங்களில் வளரும் ஒருவகைப் பனையிலிருந்து கிடைக்கிறது. அங்கு மழையற்ற மாதங்களில் வெப்பம் கடுமையாக இருக்கும். அவ்வமயம் ஓலையின் ஈரம் ஆவியாகாதபடி அம்மரம் மெழுகைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. தொழிலாளர் மரத்தை வீழ்த்தாமல் ஓலைகளை மட்டும் அறுத்து, உலர்த்தி, அடித்து, மெழுகை உதிர்ப்பர். அப்பொடியை உருக்கி வடிகட்டினால் கட்டி மெழுகு கிடைக்கும். இதன் மதிப்பை உணர்ந்த அமெரிக்க மெழுகு உற்பத்தியாளர் எச். எஃப். ஜான்சன் என்பார், 1935-ஆம் ஆண்டில் நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல விமானத்தில் ஏறி, விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரிலிருந்து பிரேசில் வரை சென்று இப்பனங்காடுகளை நேரில் ஆராய்ந்தார்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியசு வெப்பத்தில் உருகிவிடும். கர்னவுபா உருக 82 முதல் 86 டிகிரி வரை வேண்டும். அது மிகக் கடினமானதாகையால் தனியே பூச இயலாது. எண்ணெய்களும் மென்மையான வேறு மெழுகுகளும் கலந்தே அதனைக் களிம்பாக்குவர். அக்கலவையைப் பூசித் துடைத்ததும் வண்டி ஆழ்ந்த ஒளி பெறும். கருமை, செம்மை முதலிய அடர்நிறங்களில் இவ்வொளி சிறந்து தோன்றும். ஆயினும் மெழுகு வண்ணத்தின்மேல் படிந்திருக்குமேயன்றி அதனோடு பிணைவதில்லை. கோடை வெயிலில் கருநிறக் காரின் மேற்பரப்பு 70 டிகிரியையும் எட்டக்கூடும். அவ்வெப்பத்தில் கலவை இளகும்; சோப்பு நீரும் மழையும் அதனைச் சிறிது சிறிதாக அகற்றும். ஆகவே மெழுகுப் பூச்சு பொதுவாகச் சில வாரங்களே நிலைக்கும்.

இக்குறையை நீக்க வேதியியலார் அமைத்ததே ‘சீலண்ட்’ எனக் கடைகளில் வழங்கும் செயற்கைக் காப்பு. இதில் சிலிகோன் முதலிய பாலிமர் பொருள்கள் அடங்கியுள்ளன. பூசியபின் இதிலுள்ள கரைப்பான் ஆவியாகும். எஞ்சிய பொருள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வண்ணத்தைப் பற்றிய மெல்லிய படலமாகும். இதற்குச் சில மணி நேரம் தேவை. அதுவரை நீர் படலாகாது. வெயிலையும் சோப்பையும் மெழுகைவிட நன்கு தாங்கும் இப்படலம் பல மாதங்கள் நிலைக்கும். இதன் ஒளி கண்ணாடியை ஒத்தது. மெழுகின் கனிந்த தோற்றம் இதற்கு இல்லை என்பர் சிலர். அண்மைக் காலத்தில் சிலிக்கா சார்ந்த ‘செராமிக்’ பூச்சுகளும் வந்துள்ளன. அவை இன்னும் நெடுநாள் உழைப்பினும், அவற்றுக்குப் பொருட்செலவும் தேர்ந்த கையும் வேண்டும்.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வினாவுக்கு வண்டியின் வாழ்க்கையே விடை கூறும். இரயில் நிலைய வாயிலில் நாள் முழுதும் வெயிலில் நின்று, மழையிலும் ஓடும் வாடகைக் காரை எண்ணிப் பார்க்கலாம். மெழுகிடுவதற்காக மாதந்தோறும் அரைநாள் நிறுத்தினால் ஓட்டுநரின் வருவாய் குறையும். நிறுத்தாவிடில் காப்பு அற்றுப்போகும். வண்ணம் கெட்டு வெளிறிய வண்டியை விற்கப்போனால் விலையும் தாழும். அவருக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை பூசினால் போதுமான செயற்கைக் காப்பே ஏற்றது. மற்றொரு கார் கொட்டகையில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளிவருகிறது. அதன் உரிமையாளர் தம் கையாலேயே துடைத்து மகிழ்பவர். அவருக்கு மெழுகின் ஒளியும் அதைத் தேய்க்கும் உழைப்பும் ஒருங்கே இன்பம் தரும். அடிக்கடி புதுப்பிப்பது அவருக்குச் சுமையன்று.

இரண்டையும் சேர்த்துப் பூச விரும்புவோர் முறையறிந்து செய்தல் வேண்டும். முதலில் செயற்கைக் காப்பைப் பூசி, அது நன்கு இறுகியபின் அதன்மேல் மெழுகிடலாம். முறை மாறி மெழுகின்மேல் செயற்கைக் காப்பைப் பூசினால், அது வண்ணத்தைப் பற்றாமல் மெழுகோடு சேர்ந்து நீங்கிவிடும். எதைப் பூசினும் முன்னதாக வண்டியை நிழலில் நிறுத்தித் தூய நீரால் கழுவி உலர்த்துதல் இன்றியமையாதது. அழுக்கின்மேல் பூசிய பூச்சு அழுக்கையே காக்கும். அளவும் மிகுதல் கூடாது. மெல்லெனப் பூசியதே நன்கு பற்றும்.

இவை செய்ய இயலாதனவும் உண்டு. மெழுகோ செயற்கைக் காப்போ ஆழ்ந்த கீறலை மறைப்பதில்லை. பிடித்த துருவை அகற்றுவதுமில்லை. காலையில் தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. அத்தூசியிலுள்ள மணற்பொடி அரம்போல் அராவி, வெயிலில் சிலந்தி வலைபோல் தோன்றும் கோடுகளை உண்டாக்குகிறது. அக்கோடுகளைப் போக்கப் பட்டறையில் அராவும் பசையிட்டு மெருகேற்றுவர். ஒவ்வொரு மெருகும் தெளிபூச்சில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டே ஒளி தருகிறது. ஆகவே ஓயாமல் மெருகேற்றப்படும் வண்டி ஒருநாள் தன் போர்வையை இழந்து வெளிறிப்போகும்.

காப்புப் பூச்சு தேய்ந்ததை அறியும் வழி எளிது. மேற்பரப்பில் சிறிது நீர் தெளித்தால், காப்பு உள்ளவரை அது தாமரை இலைத் தண்ணீர்போல் திரளும். காப்பு நீங்கியபின் பரந்து படியும். தான் தேய்ந்து தன் கீழுள்ளதைத் தேயாமல் காப்பதே இப்பூச்சின் இயல்பு. விலையுயர்ந்ததை ஒருமுறை பூசி மறந்துவிடுபவரைவிட, எளியதையேனும் காலமறிந்து புதுப்பிப்பவரின் வண்டியே நெடுநாள் பொலிவுடன் விளங்கும்.