சிறுநீரில் இறங்கும் புரதம்

உடல்நலத்தோடு இருக்கும் ஒருவரின் சிறுநீரிலும் புரதம் இல்லாமல் இல்லை. நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் வரை அது வெளியேறுவதை மருத்துவம் இயல்பாகவே கொள்கிறது. அதிலும் கணிசமான பகுதி குருதியிலிருந்து கசிந்ததன்று, சிறுநீரக நுண்குழல்களின் உயிரணுக்கள் தாமே சுரந்து விடுவதாகும். குருதியில் மிகுதியாக உள்ள புரதமாகிய ஆல்புமினின் பங்கு இதில் 30 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. ஆகவே ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர், புரதம் இருக்கிறதா என்பதைவிட, எந்தப் புரதம், எவ்வளவு, எத்தனை நாளாக என்று கேட்பதே பொருத்தம்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானும் குளோமருலஸ் எனப்படும், நுண்ணிய குருதிக்குழாய்கள் முடிச்சாகச் சுருண்ட ஓர் அமைப்பில் தொடங்குகிறது. அம்முடிச்சின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது: நுண்துளைகள் கொண்ட உட்படலம், அதை ஒட்டிய அடித்தளச் சவ்வு, அதன்மேல் விரல்களைக் கோத்ததுபோல் பற்றிப் படர்ந்திருக்கும் போடோசைட் என்னும் உயிரணுக்கள். நாள்தோறும் இச்சுவர் வழியே வடியும் நீர் சுமார் 180 லிட்டர். அதே அளவு பிளாஸ்மாவில், அதாவது அணுக்கள் நீங்கலான குருதிநீரில், ஏறக்குறைய 7 கிலோ ஆல்புமின் இருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், இழப்பை 30 மில்லிகிராமுக்குள் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டின் நேர்த்தி விளங்கும். சுவரைத் தாண்டிவரும் சிறிதளவு ஆல்புமினையும், உருவில் சிறியவை என்பதால் தடையின்றி வடியும் வேறு புரதங்களையும், அடுத்துள்ள நுண்குழலின் முற்பகுதி திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. எனவே சுவர் பழுதுபட்டால் ஆல்புமின் இறங்கும்; நுண்குழல் பழுதுபட்டால் சிறு புரதங்கள் இறங்கும்; இரண்டும் நன்றாயிருந்தும் குருதியில் ஒரு புரதம் அளவு மீறிப் பெருகினால் அது வழிந்து இறங்கும்.

உடல் வீங்கிய நோயாளியின் சிறுநீர் சூடேற்றினால் திரள்வதை இத்தாலியரான தொமெனிகோ கொத்துனியோ 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். ஆயினும் அத்திரட்சியையும், உடல் வீக்கத்தையும், இறந்தபின் அறுத்துப் பார்த்த சிறுநீரகத்தின் சிதைவையும் ஒரே நோயின் அடையாளங்களாக இணைத்துக் காட்டியவர், லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். 1827இல் வெளியான அவருடைய நூலுக்கு ஆதாரமான சிறுநீர்ச் சோதனைக்கு ஒரு கரண்டியும் மெழுகுவர்த்தியும் போதுமாயிருந்தன.

கரண்டியின் இடத்தை 1957 முதல் சோதனைப் பட்டை பிடித்துக்கொண்டது. பட்டையின் நுனியிலுள்ள சாயம் ஆல்புமின் ஒட்டும்போது மஞ்சளிலிருந்து பச்சைக்கும் நீலப்பச்சைக்கும் மாறும். டிரேஸ், ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று அறிக்கையில் அச்சாகும் குறிகள் இந்த நிறத்தின் அடர்த்தியை ஒட்டியவையே. ஒரு பிளஸ் என்பது 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், மூன்று பிளஸ் சுமார் 300 மில்லிகிராம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்: இக்குறி செறிவைத்தான் சொல்கிறது, மொத்த இழப்பைச் சொல்வதில்லை. ஒரு பிளஸ் காட்டும் இருவரில், நாளுக்கு 1 லிட்டர் சிறுநீர் கழிப்பவர் 300 மில்லிகிராம் இழக்க, 3 லிட்டர் கழிப்பவர் 900 மில்லிகிராம் இழக்கிறார். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் சோதனைக்குப் போனால் உண்மையான கசிவும் மறைந்துவிடலாம்.

இதைச் சரிசெய்ய 24 மணி நேரச் சிறுநீரைக் குடுவையில் சேகரிப்பது பழைய வழி. ஒரு வேளை தவறினாலும் கணக்குப் பிழைத்துவிடும். இன்று பரவலாகக் கையாளப்படுவது, காலையின் முதல் சிறுநீரில் ஆல்புமினையும் கிரியாட்டினினையும் அளந்து விகிதம் காண்பது. தசைகளிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினின் நாளுக்கு ஏறத்தாழ 1 கிராம் என்ற அளவில் வெளியேறுவதால், சிறுநீர் நீர்த்தாலும் செறிந்தாலும் விகிதம் பெரிதும் மாறுவதில்லை. கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழிருப்பது இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. அதற்கு மேல் கடுமையானது. தசை மெலிந்த முதியவரிடம் கிரியாட்டினின் குறைவாதலால் விகிதம் சற்றுக் கூடுதலாகத் தோன்றும் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

சர்க்கரை நோயில் இந்த நடுப்பகுதிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சாதாரணப் பட்டை ‘நில்’ என்று சொல்லும் மிகக் குறைந்த அளவையும் அளக்கும் முறையை, பிரைட் பணியாற்றிய அதே கைஸ் மருத்துவமனையில் ஹாரி கீன் 1963இல் உடன் ஆய்வாளரோடு சேர்ந்து உருவாக்கினார். நோயாளி எவ்வித உபாதையும் உணராத காலத்திலேயே சுவர் பழுதாகத் தொடங்கியிருப்பதை அது காட்டியது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் நோய் கண்டறியப்பட்ட நாளிலும், முதல் வகையில் ஐந்தாண்டுக்குப் பிறகும் தொடங்கி ஆண்டுதோறும் இச்சோதனை செய்யப்படுவது அதனால்தான்.

ஒரே ஒரு முடிவை வைத்துக்கொண்டு கலங்க வேண்டியதில்லை. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, நீரிழப்பு ஆகியவற்றால் தற்காலிகமாக இறங்கும் புரதம் தானே நின்றுவிடும். வளரிளம் பருவத்தினர் சிலருக்கு நின்றிருக்கும்போது மட்டும் இறங்கிப் படுத்தெழுந்தால் காணாமற்போவதும் தீங்கற்றதே. மூன்று மாதங்களுக்கு நீடிக்கும் கசிவே நாட்பட்ட நோயின் அறிகுறி. முட்டையும் பருப்பும் உண்டதால் புரதம் இறங்கியது என்னும் நம்பிக்கைக்கோ அடிப்படை இல்லை. உண்ட புரதம் அமினோ அமிலங்களாகச் செரித்துவிட, இறங்கும் ஆல்புமின் கல்லீரலில் உருவானது. மாறாக, 20ஆம் வாரத்துக்குப் பின் கர்ப்பிணியிடம் உயர் இரத்த அழுத்தத்தோடு நாளுக்கு 300 மில்லிகிராம் இறங்கினால், முன்சூல்வலிப்பு எனப்படும் அந்நிலையில் ஒரு வாரம் காத்திருப்பதும் ஆபத்து. யாரிடமாயினும் கசிவு நாளுக்கு 3.5 கிராமைத் தாண்டினால் குருதியில் ஆல்புமின் குறைந்து, முகமும் காலும் வீங்கும். குழந்தைகளிடம் இது பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்துக்குக் கட்டுப்படும்.

கசிவைக் குறைப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் கேப்டோபிரில், இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்கும் அப்பால் சிறுநீரகத்தைக் காப்பதை 1993இல் வெளியான ஆய்வு காட்டியது; சர்க்கரைக்கென வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் உதவுவது 2020இல் தெரியவந்தது.

பட்டை ஆல்புமினையே பெரிதும் நாடுவதால், மற்றப் புரதங்களின் முன் அது ஊமையாகிவிடும். எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவில் இறங்கும், 1840களில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் விவரித்த புரதம் அப்படிப்பட்டது. சூடேற்றினால் திரண்டு, கொதித்தால் மீண்டும் கரைந்துவிடும். இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து உழவர்களைத் தாக்கிவரும், காரணம் இன்னும் உறுதிப்படாத சிறுநீரக நோயும் நுண்குழல்களையே முதலில் சிதைப்பதால் ஆல்புமின் சிறிதே இறங்குகிறது. பட்டை ஒன்றும் காட்டாத நிலையிலேயே குருதியில் கிரியாட்டினின் உயர்ந்திருக்கக் காண்பதுண்டு. ஆகையால் அங்கே நோயைத் தேடுவோர் சிறுநீரோடு குருதியையும் எடுத்து, ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின் போன்ற சிறு புரதங்களையும் அளக்க வேண்டியிருக்கிறது.