மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்



ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஊர் தேநீர்க் கடைக்கு வந்தீர்களானால், வியர்வை காயாத சட்டையோடு எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒருவர் ஒரு காலத்தில் பால்மரம் சீவியவர். இப்போது தொழிற்சாலை ஒன்றில் பாதுகாவலர். ஒருவர் லாரி ஓட்டுகிறார். இருவர் என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள். நானும் அங்கே ஒருத்தி. தேநீர் வருவதற்குள் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று மேசையைச் சுற்றி வரும். "இந்த வாரம் எவ்வளவு தூரம் ஓடினீர்கள்? எங்கே வலிக்கிறது?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொருவரும் பதில் சொல்லியாக வேண்டும். அது எங்கள் சட்டம்.

முதல் கேள்விக்கு எல்லாரும் உற்சாகமாகப் பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்வி வந்தால் தலையைக் குனிந்து கொள்வார்கள். அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில், நாம் ஏன் ஓட வேண்டும்? என் தாயார் பால்மரம் சீவியவர். பொழுது புலருமுன் பெரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களை நிரை நிரையாக நடந்து சீவி, மறுபடியும் அதே நிரைகளில் நடந்து பால் எடுத்து, வாளிகளைத் தோளில் காண்டா போட்டுச் சுமந்து வருவார். அவரிடம் யாராவது "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இன்று பேராக்கில் அந்த ரப்பர் மரங்கள் பெரும்பாலும் இல்லை. அவை இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. லயங்களை விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றில் வேலை என்பது நாற்காலியிலோ, வண்டியிலோ, இயந்திரத்தின் முன்னோ நடக்கிறது. நடை போய்விட்டது. ஆனால் தட்டில் போடும் சோறு குறையவில்லை.

இதன் விளைவு என்ன? 2019-ஆம் ஆண்டு மலேசிய தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியோ, பெரியவர் ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சியோ, அல்லது 75 முதல் 150 நிமிடம் ஓட்டம் போன்ற கடும் பயிற்சியோ செய்ய வேண்டும் என்கிறது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே தொடங்கலாம்.

ஓட்டம் நமக்குப் புதியதும் அல்ல. கோலகங்சாரில் பிறந்த டாக்டர் மணி ஜெகதீசன் 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனையை முறியடிக்க 2017 வரை, 49 ஆண்டுகள் பிடித்தன. நம் தாப்பாவிலிருந்து வந்த மு. ராஜாமணி, அதே பாங்காக் போட்டியில் மகளிர் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அவ்வாண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் இவ்விருவருக்கும் கிடைத்தன.

நாட்டுக்காக ஓடுகிறவர்களுக்குப் பயிற்சியாளர் உண்டு. கால் வலித்தால் பார்க்க மருத்துவர் உண்டு. ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவிலும் போலோ மைதானத்திலும், தோட்டத்துச் செம்மண் சாலையிலும் காலையில் ஓடும் நமக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்தில் ஓடுகிறவர்தான் இருக்கிறார். அவரிடம் நாம் உண்மையைச் சொன்னால்தான் அவரால் நமக்கு உதவ முடியும்.

நான் உண்மையைச் சொல்லாமல் போன கதையைக் கேளுங்கள். நான் ஓடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஈப்போவில் நடக்கவிருந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அதுவரை நான் ஒரே மூச்சில் ஓடிய தூரம் 5 கிலோமீட்டர்தான். ஒரு ஞாயிறன்று லாரிக்காரத் தம்பி, "டீச்சர், இன்றைக்கு ஒன்பது ஓடலாமா?" என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓடினேன். மூச்சு வாங்கவேயில்லை, எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் வலது கணைக்கால் எலும்பில், ஒரு விரல் வைக்கும் இடத்தில் வலி. அடுத்த ஞாயிறு நோட்டுப் புத்தகம் என்னிடம் வந்தபோது, "வலி இல்லை" என்று எழுதினேன். ஆசிரியை அல்லவா? மற்றவர் முன் தளரக் கூடாது என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே எழுதினேன். மூன்றாவது வாரம் படி இறங்கவே முடியவில்லை. மருத்துவர் கட்டை விரலால் அந்த இடத்தை அழுத்தினார், நான் அலறிவிட்டேன். எலும்பில் மயிரிழை விரிசல். எட்டு வாரம் ஓடக் கூடாது என்றார். ஈப்போ ஓட்டமும் போயிற்று.

மூச்சு வாங்காத எனக்கு எலும்பு ஏன் விரிந்தது? இதுதான் ஓடத் தொடங்குகிறவர்கள் அனைவரும் அறிய வேண்டிய செய்தி. நம் இதயமும் நுரையீரலும் நல்ல மாணவர்கள். சில வாரங்களிலேயே பாடத்தைக் கற்றுக்கொள்கின்றன. இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. போன மாதம் மூச்சிரைத்த மேட்டில் இந்த மாதம் பேசிக்கொண்டே ஏறுகிறோம். எலும்பு அப்படியன்று. ஓட்டத்தின் அதிர்ச்சி படும்போது உடல் முதலில் எலும்பின் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது. பிறகுதான் அங்கே புதிய எலும்பை வைக்கிறது. வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய சுவரை முதலில் இடிப்பதில்லையா, அதுபோல. இந்த வேலை முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். இடித்த சுவர் எழும்புமுன் மேலே பாரம் ஏற்றினால் என்ன ஆகும்? தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களுக்கோ இரத்த ஓட்டமே குறைவு. அவையும் மெதுவாகத்தான் பலப்படும். ஆகவே மூச்சு முந்தும், எலும்பு பிந்தும். மூச்சை மட்டும் நம்பி ஓடுகிறவர் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்.

பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு இது புரியாத சங்கதியா? ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்பது தோட்டத்து வழக்கம். பால் நிறைய வருகிறதே என்று ஓய்வில்லாமல் வெட்டினால், மரத்தின் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். கத்தி ஆழமாக இறங்கிக் காயம் பட்டால், புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மரத்துக்குக் கொடுத்த அந்த ஓய்வை நம் காலுக்கும் கொடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் போதும். நான்கு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் மெல்ல ஓடுவதென்று தொடங்கலாம். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

தூரத்தை எப்படிக் கூட்டுவது? வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது என்று பலரும் சொல்வார்கள். நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. அந்த விதிப்படி மெல்லக் கூட்டியவர்களிலும், சற்று விரைவாகக் கூட்டியவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காயம் பட்டனர். அப்படியானால் கவனிக்க வேண்டியது எது? 5,000-க்கும் அதிகமான ஓட்டக்காரர்களைக் கண்காணித்து 2025-இல் வெளியான ஆய்வு அதற்கு ஒரு குறிப்புத் தருகிறது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட, ஒரே ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக ஓடும்போது காயத்துக்கான வாய்ப்பு உயர்கிறது. ஐந்திலிருந்து ஒன்பதுக்குத் தாவிய என் கதை இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

அதனால்தான் எங்கள் நோட்டில் இப்போது நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறோம். ஒன்று, இந்த வாரம் எத்தனை நாள் ஓடினோம். இரண்டு, மொத்தத் தூரம். மூன்று, இந்த மாதத்தில் ஒரே தடவையில் ஓடிய மிக நீண்ட தூரம். நான்கு, வலி. இந்த நான்காவது கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. எந்த இடம், எப்போது வலிக்கிறது, போன வாரத்தைவிடக் கூடுதலா குறைவா என்று எழுத வேண்டும்.

வலிகளிலும் வகை உண்டு. ஓடிய மறுநாள் தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக இருக்கும் வலி, இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும், பயப்பட வேண்டாம். காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவது போலிருந்தால், உள்ளங்கால் தசைப்பட்டை நொந்திருக்கிறது என்று கொள்ளலாம். படி இறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலித்தால், தூரத்தையும் மேட்டு ஓட்டத்தையும் குறைக்க வேண்டும். கணைக்கால் எலும்பின் ஓரமாக நீளவாக்கில் வலித்தால் அது எச்சரிக்கை மணி. எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, நொண்டி நடக்க நேர்ந்தாலோ, அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கால் சுளுக்கினால், சூடான எண்ணெய் போட்டு உடனே உருவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். புதுச் சுளுக்குக்கு அது ஆகாது, வீக்கம் கூடும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். துணிப்பட்டையால் அளவாகக் கட்டி, காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஓடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். ஓடி வந்ததும் பாதத்தைக் கண்ணால் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் சிறு கொப்புளமும் பெரிய புண்ணாகலாம்.

நேயர்களே, கேட்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு. ஒருவர் "எனக்கு வலிக்கிறது" என்று சொல்லும்போது, "இதற்கே இப்படியா?" என்று கேலி செய்தால், அடுத்த வாரம் அவர் பொய்தான் எழுதுவார். எங்கள் கூட்டத்தில் வலி என்று சொன்னவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. அதைவிட முக்கியம், ஓட முடியாதவரும் ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வர வேண்டும்.

நான் எட்டு வாரம் ஓடாமல் இருந்தபோது முதல் ஞாயிறு வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஓடாதவளுக்கு அங்கே என்ன வேலை என்று எண்ணினேன். எட்டரை மணிக்கு அந்தப் பாதுகாவலர் அண்ணன் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். "டீச்சர், உங்கள் கட்டம் காலியாக இருக்கிறது" என்றார். "ஓட்டம் 0, வலி உண்டு" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நோட்டில் நான் எழுதிய முதல் உண்மை அதுதான். பக்கத்தில் ஓடிய மூவரின் கட்டத்தில் அன்று புதிதாக வலி எழுதப்பட்டிருந்ததையும் பார்த்தேன். நான் மறைத்ததைப் பார்த்து அவர்களும் மறைத்திருந்தார்கள். நான் விழுந்த பிறகு அவர்கள் வாய் திறந்தார்கள். அதில் ஒரு தாயாருக்கு என்னுடையது போலவே கணைக்கால் வலி. இரண்டு வாரம் ஓய்வெடுத்தார். விரிசல் இல்லாமல் தப்பினார்.

ஒன்பதாவது வாரம் நான் மறுபடியும் ஒரு நிமிட ஓட்டத்திலிருந்து தொடங்கினேன். இப்போது 8 கிலோமீட்டர் ஓடுகிறேன். அதற்கு ஓராண்டு பிடித்தது.

ஆகவே, உங்கள் ஊரில் நான்கு பேர் சேர்ந்து நடந்தாலும் சரி, ஓடினாலும் சரி, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஓடிய தூரத்தை எழுதுங்கள். வலியையும் மறைக்காமல் எழுதுங்கள். விடியுமுன் ஓடுகிறவர்கள் வெளிர்நிறச் சட்டை அணிந்து, எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்பக்கமாக ஓடுங்கள். புகைமூட்ட நாட்களில் ஓடாதீர்கள். அடுத்த ஞாயிறும் அந்த மேசையில் எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே நம் இலக்கு.