பலாக்கொட்டையைத் தூக்கி எறியாதீங்க!

பலாச்சுளையை ருசித்துவிட்டு, கொட்டையைக் குப்பையில் போடுகிறவரா நீங்கள்? கொஞ்சம் பொறுங்கள்!

பலாக்கொட்டையில் பிரதானமாக இருப்பது மாவுச்சத்து. கூடவே புரதமும் நார்ச்சத்தும் உண்டு. வேகும்போது மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பிக் குழைகிறது. சாம்பாரில் வெந்த நாலு கொட்டையை மசித்துவிட்டால் குழம்பு கெட்டிப்படுவது இதனால்தான்.

பச்சையாகச் சாப்பிடலாமா? கூடாது. புரதம் ஜீரணமாவதைத் தடுக்கும் பொருள் பச்சைக் கொட்டையில் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் அதன் வீரியம் அடங்கிவிடும்.

'ஐயோ, வாயு!' என்கிறீர்களா? சிறுகுடலில் ஜீரணமாகாத கொஞ்சம் மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே உள்ள நல்ல கிருமிகளுக்கு அது தீனி. அவை அதைப் புளிக்க வைக்கும்போது வாயு உண்டாகிறது. குடலுக்கு நல்லதுதான், ஆனாலும் அளவோடு சாப்பிடுங்கள்.

வேகவைத்து, தோல் நீக்கி, காயவைத்து அரைத்தால் மாவு ரெடி. கோதுமை மாவில் நாலில் ஒரு பங்கு கலந்து சப்பாத்தி இடலாம். கோதுமையின் பசைத்தன்மை இதற்குக் கிடையாது. தனியாக இட்டால் விண்டுபோகும்.

சர்க்கரை நோய்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 'காய்தானே' என்று தாராளமாகப் போட்டுக்காதீங்க. அது சாப்பிடுகிற அன்று, சாதத்தைக் குறைச்சுக்குங்க!