மார்கழியில் உத்திரமேரூர்: கோயில் சுவரில் ஒரு தேர்தல் சட்டம்!

மார்கழியில் காஞ்சிபுரம் போகிறவர்கள் பலரும் கோயில், பட்டுப்புடவை என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் உத்திரமேரூர்.

அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சின்னதுதான். ஆனால், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921-ல் எழுதப்பட்ட குடவோலைத் தேர்தல் விதிகள் அதன் சுவரில்தான் இருக்கின்றன. இன்றைய வார்டு போல 30 குடும்புகள். வயது 35 முதல் 70. கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுப்பார்கள். பதவி ஒரு வருடம்தான். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய சொந்தங்களும் நிற்க முடியாது!

பெண்களுக்கு இடமில்லை. வேதம் படிக்காதவர்களுக்கும் இல்லை. பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர் அது. பெருமை பேசும் மேடைகளில் இந்தப் பகுதி மட்டும் விடுபட்டுப்போகிறது.

ஏரியைக் கவனிக்கவே 'ஏரி வாரியம்' இருந்தது. பருவமழை ஏமாற்றாத வருடமென்றால், மார்கழியில் ஏரிக்கரையையும் பார்த்துவிடுங்கள். சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் மூன்று தளங்களில் நின்ற, அமர்ந்த, கிடந்த கோலங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே கிளம்புங்கள்.